சிதம்பரம் கப்பலில் வந்தவனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி உனக்கு மட்டும் என்று எண்ணாதே. நானும் இப்போது நூலகப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறேன்.

மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இங்கே கையெழுத்தான ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். சால்வை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், இரண்டு கோப்புகளை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் எழுத்தர் என்னையே திருப்பிக் கேட்கிறார். மாணவர் பரிமாற்றம் என்று எழுதியவர்கள், போகிற மாணவன் எங்கே தங்குவான், அங்கே படித்த பாடத்துக்கு இங்கே மதிப்பெண் உண்டா என்பதை எழுதவில்லை.

மாணவர் பரிமாற்றம் என்றதும் உன்னைத்தான் நினைத்தேன். 1976இல் பினாங்கில் 'சிதம்பரம்' கப்பலில் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, தகரப் பெட்டியோடு அண்ணாமலை நகர் விடுதிக்கு வந்து நின்றாய். சிதம்பரத்தில் ஏறிச் சிதம்பரத்துக்கே வந்தவன் என்று விடுதி முழுக்கச் சிரித்தது. காலையில் எங்களைப் பார்த்து "பசியாறியாயிற்றா?" என்று நீ கேட்பாய். காலை உணவுக்கு இவ்வளவு நல்ல சொல் கடலுக்கு அப்பால் வாழ்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். கடை கெடாய் ஆனது, கப்பல் கப்பால் ஆனது, கட்டில் கட்டிலாகவே இருக்கிறது என்று மலாயில் கலந்த நம் சொற்களை நீ அடுக்கிய இரவுதான் எனக்குச் சொல்லாராய்ச்சியில் ஆசை பிறந்தது. எந்த ஒப்பந்தத்திலும் அதற்கு ஒரு வரி இருந்திருக்காது.

தமிழறிஞர் தனிநாயகம் அடிகளும் இப்படி வந்தவர்தானே. 1945இல் இலங்கைக்காரராக இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க வந்தார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு சென்னையிலும் மதுரையிலும் நடக்கவில்லை, கோலாலம்பூரில்தான் நடந்தது. அப்போதைய மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கி வைத்தார். அந்தத் துறைக்குப் பின்னால் இருந்ததும் பெரிய இடத்துப் பணம் மட்டுமல்ல. சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்ற பேச்சு எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குச் சாதாரண மக்கள் உங்கள் ஊர்ப் பணத்தில் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அதை நினைக்கும்போது எங்கள் சால்வைச் செலவு கொஞ்சம் உறுத்துகிறது.

எல்லாம் பாழ் என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. என்னிடம் வந்துபோகும் ஆய்வு மாணவர்கள் இருவர், உங்கள் பேராக் மாநிலத் தோட்டத் தொழிலாளர் பாடல்களை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று துடிக்கிறார்கள். ஒருத்தி நாகப்பட்டினத்துக்காரி, அவளுடைய கொள்ளுத் தாத்தா அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர், திரும்பவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களாக மாறிவிட்டன, ஆட்கள் பட்டணங்களுக்குச் சிதறிவிட்டார்கள், பாடத் தெரிந்த கிழவிகளுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். கோப்பு கிடைக்கும்வரை அந்தக் கிழவிகள் காத்திருப்பார்களா?

விமானக் கட்டணத்துக்குப் பழைய மாணவர்கள் சிலரிடம் பேசிவிட்டேன். பயண அனுமதிக்குத் தேவையானால் துறைக் கடிதமும் வாங்கிவிடலாம். ஈப்போவில் உன் வீட்டு மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா? சுங்கை சிப்புட் பக்கம் உனக்குத் தெரிந்த பாட்டிமார் எத்தனை பேர் என்றும் எழுது. பிள்ளைகள் காலையில் சீக்கிரம் பசியாறுவார்கள், அதை மட்டும் அண்ணியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

என்றும் அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழன்