மம்மியின் துணிக்கட்டைத் தொடும் முன்: அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எகிப்திய மம்மிகளைக் காத்துவரும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆய்வு அனுமதி கேட்டு யார் வந்தாலும், என்ன சோதனை என்பதோடு எந்த வரிசையில் என்றும் கேளுங்கள். வரிசை பிசகினால் போவது திரும்பி வராது.

1925 நவம்பரில் தொல்லியலர் ஹோவர்ட் கார்ட்டரும் உடற்கூற்றியலர் டக்ளஸ் டெர்ரியும் எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் துணிக்கட்டைப் பிரித்தபோது, பதப்படுத்த ஊற்றிய பிசின் இறுகி உடல் சவப்பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. சூடேற்றிய கத்தியால் பெயர்த்தெடுத்தார்கள். தலை வேறு, கைகால் வேறு ஆயிற்று. 2005-இல் சி.டி. ஸ்கேன் எடுத்தவர்கள் இடது தொடையெலும்பில் ஒரு முறிவைக் கண்டார்கள். அது மன்னர் உயிரோடு இருந்தபோது நேர்ந்ததா, கார்ட்டர் குழுவின் கையால் நேர்ந்ததா என்று அந்த ஆய்வுக் குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. இன்னொரு எகிப்திய மன்னர் முதலாம் அமென்ஹோதெப்பின் துணிக்கட்டையோ நம் காலத்தில் யாரும் அவிழ்க்கவில்லை. ஆனாலும் 2021-இல் வெளிவந்த ஸ்கேன் முடிவில் எல்லாம் தெரிந்தது: வயது சுமார் 35, உயரம் 169 செ.மீ., 30 தாயத்துகள், 34 தங்க மணி கோத்த அரைஞாண்.

ஆகவே ஸ்கேன்தான் முதலில். ஸ்கேன் உடலை நறுக்கு நறுக்காகப் படமெடுக்கும்; ஒரு நறுக்கின் தடிமன் 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். வற்றிய தசையும் பிசினும் துணியும் படத்தில் ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும். எக்ஸ்ரே குழாயின் இரண்டு மின்னழுத்தங்களில் எடுத்தால் பிரித்தறிவது எளிது. மண்டையோட்டுக்குள் ஊற்றிய பிசின், கிண்ணத்தில் உறைந்த தேங்காயெண்ணெய்போலச் சமமட்டமாக நிற்கும். துட்டன்காமுனின் தலையில் அப்படி இரண்டு மட்டங்கள், ஒன்று பிடரிப்பக்கம், ஒன்று உச்சிப்பக்கம். உடலை வேறு வேறு நிலையில் வைத்து இருமுறை ஊற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தலையைத் திறந்திருந்தால் இது நொறுங்கியிருக்கும்.

மாதிரி எடுப்பது அதற்குப் பிறகு. இங்கேதான் நிறையக் கெடுகிறது. பிசின் துணுக்கைப் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் கசிந்து, சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் ஜி.சி.-எம்.எஸ். கருவியின் வரைபடத்தில் பழைய சேர்மங்களை மறைத்துவிடும். உலையில் சூடேற்றித் தூய்மைப்படுத்திய அலுமினியத் தாள், கண்ணாடிக் குப்பி, வெறுங்கை படாத இடுக்கி போதும். எகிப்தின் சக்காரா இடுகாட்டில் உடல்களைப் பதப்படுத்திய கூடத்தில் கிடைத்த 31 கலங்களின் எச்சங்களை ஆராய்ந்துதான், தென்கிழக்கு ஆசியக் காடுகளின் டாமர் பிசின் அங்கே போயிருந்தது 2023-இல் தெரியவந்தது. நம் குங்கிலியத்தின் உறவு அது. கலத்தில் ஒட்டியிருந்த கறையை யாராவது கழுவியிருந்தால் அந்த வணிக வழி நமக்குத் தெரிந்தே இருக்காது.

காலத்தை அறியும் கார்பன்-14 கணிப்புக்குப் பிசின் படாத லினன் நூலைக் கொடுங்கள். பிசினோடு கலந்திருக்கக்கூடிய நிலக்கீல் பெட்ரோலிய வகை, அதில் கார்பன்-14 மிச்சமில்லை; சிறிது கலந்தாலும் துணி பல நூற்றாண்டு கூடுதல் பழையதாகத் தெரியும். துணி பழைய வீட்டுத் துணியாகவும் இருக்கலாம் என்பதால் ஒரே நூலை நம்பி முடிவு சொல்ல வேண்டாம். டி.என்.ஏ.வுக்கு மென்திசுவைவிட எலும்பும் பல்லும் மேல். எகிப்தின் அபுசிர் எல்-மெலெக் ஊரில் கிடைத்த மம்மிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டவர்கள் கண்டதும் அதுவே.

ஒரு எச்சரிக்கை. பழைய சேகரிப்புகளில் பூச்சிக்காக ஆர்சனிக், பாதரச உப்புகள் தடவியிருப்பார்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரையும் பெட்டியருகே விடாதீர்கள், யாரும் உடலைத் தொடும் முன், எக்ஸ்ரே பாய்ச்சித் தனிமங்களைக் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியால் பாருங்கள்.

ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பெட்டி திறந்திருக்கும் நேரம் முழுதும் ஈரப்பதத்தைப் பதியும் மானி ஓடட்டும்.

ஸ்கேன் முடிந்ததும் அச்சிட்ட படங்களோடு நின்றுவிடாமல் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு வடிவம்) மூலக் கோப்புகள் அத்தனையையும் கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அடுத்து வருபவர் அந்த உடலை மீண்டும் பெட்டியிலிருந்து தூக்காமலே வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
மம்மி ஆய்வில் ஈடுபட்டுள்ளோர்