செக்வே வேண்டாம், சைக்கிளும் வழிகாட்டியும் போதும்: முல்லைத்தீவு மாவட்டச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

முள்ளியவளை,
முல்லைத்தீவு மாவட்டம்.

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

ஊடாக: பிரதேச செயலாளர்கள், கரைதுறைப்பற்று மற்றும் ஒட்டுசுட்டான்.

ஐயா / அம்மணி,

முள்ளியவளை – வற்றாப்பளை, ஒட்டுசுட்டான் – கற்சிலைமடு ஆகிய இரு வழிகளில் வழிகாட்டியுடன் கூடிய சைக்கிள் குறுஞ்சுற்றுலாவுக்கு அனுமதியும், உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் கோருதல்

இந்த மனுவில் கையொப்பமிட்டுள்ள நாங்கள் முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளை, ஒட்டுசுட்டான் பகுதிகளில் நிரந்தரமாக வசிப்பவர்கள். விவசாயிகள், ஆசிரியர்கள், சைக்கிள் திருத்துபவர், வேலை தேடிக் களைத்த பட்டதாரிகள் என்று பலரும் இருக்கிறோம். வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பாரிஸில் வாழும் எங்கள் ஊர் உறவுகள் சிலர், பாவித்த செக்வே வண்டிகளை வாங்கி இங்கே அனுப்பி, வெளியூர்ப் பயணிகளை அவற்றில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் தொழிலை எங்கள் இளைஞர்களுக்கு ஏற்படுத்தித் தர முன்வந்தார்கள். அதற்கு அனுமதி கேட்டு இளைஞர்கள் ஏற்கெனவே ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பின்னர் வாசிகசாலையில் கூடி, குரல் உயர்த்தியும் தாழ்த்தியும் பேசி, சுற்றுலா வேண்டும், செக்வே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். ஆகவே அந்தக் கடிதத்துக்குப் பதிலாக இந்த மனுவையே கவனத்தில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உறவுகளும் இதற்குச் சம்மதித்துவிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்.

செக்வே என்பது பக்கத்துக்கொன்றாக இரண்டு சில்லுகளும், நிற்பதற்கு ஒரு தட்டும், பிடித்துக்கொள்ள ஒரு தண்டும் கொண்ட மின்கல வண்டி. அமெரிக்கரான டீன் கேமன் 2001 டிசம்பரில் அதை அறிமுகப்படுத்தினார். உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உள்ளே இருக்கும் கருவிகள் ஓயாமல் அளந்து சில்லுகளை இயக்குவதால் வண்டி கவிழ்வதில்லை. முன்னே சாய்ந்தால் போகும், பின்னே சாய்ந்தால் வேகம் குறைந்து நிற்கும். மணிக்கு 20 கிலோமீற்றர் வரை ஓடும் அந்த வண்டியில் பிறேக் என்று தனியாக ஒன்று கிடையாது.

பாரிஸில் பிள்ளைகளிடம் போயிருந்தபோது நான் அதில் ஏறியிருக்கிறேன். ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் வைத்து ஏறவும் இறங்கவும் திரும்பவும் பழக்கினார்கள், தலைக்கவசம் மாட்டினார்கள். பிறகு வழிகாட்டிப் பெண் முன்னே போக, நாங்கள் வரிசை குலையாமல் பின்னால் போனோம். பொன் பூசிய கூரையின் கீழ் நெப்போலியன் கல்லறை இருக்கும் இன்வலிட், 1900 ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகத் திறந்த மூன்றாம் அலெக்சாந்தர் பாலம், அதைத் தாண்டிக் கொன்கோர்ட் சதுக்கம். கல் பாவிய தரையில் ஏறியதும் பிடிதண்டு நடுங்கி, அந்த நடுக்கம் முழங்கை வரை வந்தது.

சதுக்கத்தின் நடுவில், எகிப்தின் லக்சோரிலிருந்து கொண்டுவந்து 1836 இல் நிறுத்திய கல்தூண் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் படம் எடுத்தார்கள். வழிகாட்டியோ எங்களை வண்டியிலிருந்து இறக்கி, தூணுக்கு அப்பால் வெறும் தரையைக் காட்டினார். பதினாறாம் லூயி மன்னனின் தலையை 1793 ஜனவரி 21 இல் வெட்டிய கொலைமேடை இந்தச் சதுக்கத்தில்தான் நின்றது என்றார். மன்னன் கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கியபோது முரசுகளை அறைந்து அவன் குரலை அமுக்கியதை அவர் சொல்லச் சொல்ல, படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். அங்கே கண்ணுக்குத் தெரிய ஒன்றுமே இல்லை. நாங்கள் கொடுத்த காசு அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் என்று எனக்குப் பட்டது. வண்டி எங்களை அங்கே கொண்டுபோய் விட்டது, அவ்வளவே.

எங்கள் மாவட்டம் அடங்கிய வன்னிப் பகுதியில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியூரவர்கள் கேட்பதைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். அநுராதபுரத்துத் தாதுகோபங்களோ, யாழ்ப்பாணத்துக் கோட்டை மதில்களோ எங்களிடம் இல்லை. குளங்கள், காடு, கோவில்கள், வயதானவர்களின் வாயில் இருக்கும் கதைகள், இவ்வளவுதான். சொல்ல ஆள் இல்லாவிட்டால் எங்கள் வரலாறு வெறும் பற்றைக்காடு.

கற்சிலைமடுவில் ஒரு விடுமுறை நாளில் சற்று நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். வேன் வந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி, பண்டாரவன்னியன் நினைவுச் சின்னத்துக்கு முன் நின்று படம் எடுப்பார்கள். தண்ணீர்ப் போத்தல் யாரிடம் என்று கேட்டுக்கொண்டே திரும்ப ஏறிவிடுவார்கள். இவர் யார் அப்பா என்று பிள்ளை கேட்டால் தகப்பன் தொலைபேசியைத் தட்டுவார். அதற்குள் சாரதி ஹோர்ன் அடித்துவிடுவார்.

சொல்வதற்கு அங்கே எவ்வளவு இருக்கிறது! 1803 ஆகஸ்டில் வன்னிச் சிற்றரசனான பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அங்கிருந்த ஆங்கிலேயப் படையைத் துரத்திவிட்டு அதைக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிரிபேர்க் கொண்டுவந்த படை அவனைக் கற்சிலைமடுப் பக்கத்தில் தோற்கடித்தது. இன்ன கப்டன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் இதற்கண்மையில் என்று ஆங்கிலத்தில் பொறித்து நட்ட கல்தான் எங்கள் முன்னோர் அங்கே பார்த்து வந்த கல். வென்றவர் பக்கம் தம் பெருமைக்கு நட்ட கல்லின் முன்னே, தோற்றவனின் சனங்கள் வந்து அவனுக்கு மாலை போட்டார்கள். வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது கடைசி வாங்கில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். 2009 இல் முடிந்த போருக்குப் பின் அந்தச் சின்னம் உடைபட்டதும், மறுபடி எழுப்பப்பட்டதும் அதே கதையில் வருகின்றன. இதையெல்லாம் அந்த இடத்திலேயே நின்று, கூட்டாமல் குறைக்காமல் சொல்லக்கூடிய ஓர் இளைஞனோ யுவதியோ அங்கே இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோவிலுக்கு வைகாசிப் பொங்கலில் சனம் திரளும். மற்ற நாட்களில் வருகிறவர்கள் கும்பிட்டு, திருநீறு பூசி, திரும்பிவிடுகிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி கிழவி உருவில் நந்திக்கடல் ஓரத்துக்கு வந்ததும், மாடு மேய்த்த சிறுவர்களிடம் தலையில் பேன் பார்க்கச் சொன்னதும், மயிரை விலக்கியவர்கள் தலை நிறையக் கண்களைக் கண்டு திகைத்ததும், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை வார்த்து எரிக்கச் சொன்னதும் எங்கள் வீடுகளில் சின்ன வயதிலேயே காதில் விழுந்த கதைகள். இன்றும் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கெரித்து, அதன் பிறகே வற்றாப்பளையில் பொங்குகிறார்கள். காட்டா விநாயகரில் புறப்பட்டு வயல்களையும் பனைகளையும் கடந்து வற்றாப்பளைக்குப் போனால் கதையும் அதே ஒழுங்கில் வரும். முதலாவது வழியாக இதைத்தான் முன்வைக்கிறோம். இரண்டாவது வழி ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரில் தொடங்கும். குரக்கன் தாளை எரித்த இடத்தில் லிங்கம் தோன்றியதாக ஊரார் சொல்லும் அந்தக் கோவிலிலிருந்து கற்சிலைமடு வரை. இரண்டையுமே காலை ஆறரைக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்கலாம். மாலையில் வேண்டாம், யானைகளுக்கும் அதுதான் வெளிக்கிடும் நேரம்.

செக்வே ஏன் வேண்டாம் என்று உறவுகளுக்கு எழுதியதைத் தங்களுக்கும் அறியத் தருகிறோம். 45 கிலோவுக்குக் குறைந்தவர்கள் அதில் ஏறக்கூடாது என்பது தயாரிப்பாளரின் விதி, ஏனென்றால் சாய்ந்து வண்டியை நிறுத்தும் பாரம் அவர்களுக்குப் போதாது. இந்தச் சுற்றுலாவில் நாங்கள் முதலில் எதிர்பார்ப்பவர்கள் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த நிறைக்கு வரமாட்டார்கள். அடுத்தது, இந்த இரண்டு சில்லு வண்டியின் உற்பத்தியை நிறுவனம் 2020 இல் நிறுத்திவிட்டது. மின்கலம் செத்தால் மாற்று எங்கிருந்து வரும்? ஏறத்தாழ 47 கிலோ நிறையுள்ள வண்டி கிரவல் பாதை நடுவில் நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு வருவது யார்? புதிதாக வந்தபோது ஏறக்குறைய 5,000 டொலர் விற்ற வண்டி என்ற பெருமை அந்த நேரத்தில் உதவாது. பிராக் போன்ற பழம்பெரும் நகரமே நடைபாதைகளில் பட்ட தொல்லை தாங்காமல் 2016 இல் தன் மையப்பகுதியில் அதைத் தடைசெய்தது.

இன்னொரு காரணம் கணக்கில் வராதது. வற்றாப்பளைக்குப் போகும் வழி நந்திக்கடலைத் தொட்டுப் போகிறது. 2009 இல் அந்தக் கரைகளில் என்ன நடந்தது என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இந்த மனுவில் ஒப்பமிட்டவர்களில் பலர் அங்கே சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள். அந்த மண்ணில் ஒரு விளையாட்டு வண்டி வரிசை சிரித்துக்கொண்டு உருண்டு போவதைப் பார்க்க எங்களால் முடியாது. முள்ளிவாய்க்கால் எங்கள் சுற்றுலா வழியில் இல்லை, இனியும் சேர்க்கப்படாது. பயணி கேட்டால் வழிகாட்டி அடக்கமாகப் பதில் சொல்வார். காட்டி உழைக்கும் பொருள் அல்ல அது.

சைக்கிளைப் பற்றி வன்னிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எரிபொருள் தடை இருந்த காலத்தில் நெல்மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிள்கள் வழியில் இருமி நின்றபோதும் அது நிற்கவில்லை. சில்லுக்குக் காற்றடிக்கவும் செயின் மாட்டவும் சந்திக்குச் சந்தி ஆள் இருக்கிறது. உறவுகள் செக்வேக்கு ஒதுக்கிய பணத்தில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்குமாக நல்ல சைக்கிள்களும் தலைக்கவசங்களும் வாங்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மிதிக்க முடியாத முதியவர்களுக்கு முச்சக்கர வண்டி ஒன்று பின்னால் வரும்.

தங்களிடம் நாங்கள் வேண்டுவது பெரும்பாலும் பணம் அல்ல. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழங்கும் அனுமதிப்பத்திரங்களில் பிரதேச வழிகாட்டி, தள வழிகாட்டி என்ற வகைகள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அவற்றைப் பெற விரும்புகிறார்கள். ஆனால் பயிற்சிக்காகக் கொழும்பில் அறை எடுத்துத் தங்க அவர்களிடம் வசதி இல்லை. மாவட்டச் செயலகம் கேட்டுக்கொண்டால் ஒரு பயிற்சித் தொகுதியைத் தமிழ்மொழி மூலம் முல்லைத்தீவிலேயே நடத்த வழி பிறக்கும் என்று நம்புகிறோம். முதலுதவியும் பேச்சு ஆங்கிலமும் பேச்சுச் சிங்களமும் அதில் சேர்ந்தால் நல்லது, ஏனெனில் தெற்கிலிருந்து வருகிறவர்களிடமும் இந்தக் கதைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்க் கதைகளையும் கோவில் வழக்கங்களையும் சொல்லிக்கொடுக்க எங்கள் மூத்தவர்கள் ஊதியமின்றி வருவார்கள். எழுதப்பட்ட வரலாற்றையும் வழிவழி வந்த கதையையும் ஒன்றோடொன்று குழப்பாமல் சொல்லப் பழக்கும் வேலையை நான் ஏற்கிறேன்.

அனுமதி விடயத்தில்தான் கால் தேய்ந்துவிட்டது. ஓர் அலுவலகத்தில் கேட்டால் வீதி எங்களுடையது அல்ல என்கிறார்கள். வீதிக்குரிய இடத்தில் கேட்டால் நினைவுச் சின்னத்துக்குத் தொல்பொருள் பக்கம் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் பிரதேச சபையின் கடிதம் முதலில் வேண்டும். ஓரிடத்தில் எங்கள் கடிதத்தின் மேல் ஒருவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, அது தன் மேசைக்கு வரவேயில்லை என்று சொன்னார். எவர் மீதும் முறைப்பாடு செய்வதற்காக இதை எழுதவில்லை. தங்கள் தலைமையில் பிரதேச சபைகள், வீதி, தொல்பொருள், பொலிஸ் ஆகிய தரப்பினரை ஒரே மேசையில் இருத்தி, முடியும் என்றோ முடியாது என்றோ எழுத்தில் ஒரு பதில் தந்தால் போதும். முடியாது என்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் என்பதையும் குறிப்பிட்டால், எதைத் திருத்திக்கொண்டு மீண்டும் வரலாம் என்று நாங்கள் யோசிப்போம்.

இரண்டு வழிகளிலும், பயணிகள் இறங்கி நிற்கும் ஓரங்களையும் சேர்த்து, கண்ணிவெடி அகற்றப்பட்டதற்கான எழுத்துமூல உறுதிப்படுத்தலைப் பெற்றுத் தருமாறும் வேண்டுகிறோம். ஊரார் நடமாடும் பாதைகள்தான் என்றாலும், பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது வாய்ச்சொல் போதாது. கற்சிலைமடுவில் குடிநீரும் ஒரு மலசலகூடமும் அவசியம். பெண் பயணிகளும் மாணவிகளும் அங்கே படும் சிரமத்தை விரித்து எழுதத் தேவையில்லை. அறிவிப்புப் பலகை வைப்பதாக இருந்தால், தமிழில் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று அச்சுக்குப் போகுமுன் எங்களுக்கு ஒருமுறை காட்டுங்கள். இந்தக் கிழட்டு ஆசிரியன் அதற்குக் கூலி கேட்கமாட்டான்.

கட்டணத்தைப் பிரதேச சபையும் நாங்களும் பேசித் தீர்மானிக்கலாம். மாவட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளிடம் மட்டும் காசு வாங்குவதில்லை என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டோம். மாரி மழை பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டம் இராது. ஆகவே தை பிறந்ததும் தொடங்கக்கூடியதாகத் தங்கள் முடிவு கிடைத்தால் உதவியாக இருக்கும்.

கூட்டம் வைப்பதற்கு முன் தாங்களோ தங்கள் உத்தியோகத்தர் ஒருவரோ ஒரு காலையில் எங்களுடன் முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளை வரை வந்து பார்க்குமாறு அழைக்கிறோம். சைக்கிள் நாங்கள் கொண்டுவருவோம். இருக்கையின் உயரத்தை மட்டும் முதல் நாளே சொல்லி அனுப்பினால் சரிசெய்து வைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கையொப்பமிட்ட ஊர்மக்கள் சார்பில்.

இணைப்பு: கையொப்பப் பட்டியல், இரு வழிகளின் கைவரைபடம்.
பிரதிகள்: தவிசாளர், கரைதுறைப்பற்று பிரதேச சபை, உரிய கிராம அலுவலர்கள்.