ஆபிரிக்க நத்தை: முதல் மழைக்கு முன்பே தொடங்க வேண்டும்

ஆசிரியருக்கு,

மாரி தொடங்கினால் ஆபிரிக்கப் பெரிய நத்தையைப் பற்றி ஊரெல்லாம் முறைப்பாடு. மழை விட்டதும் நத்தை ஒழிந்தது என்று இருந்துவிடுகிறோம். அது ஒழிவதில்லை. ஓட்டின் வாயை வெண்ணிறச் சவ்வால் அடைத்துக்கொண்டு வாழையடியிலும் கல்லுக்குவியலிலும் கிடுகு வேலியின் அடியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஐப்பசி ஈரம் பட்டதும் பசியோடு வெளிவந்து, மண்ணுக்குள் 100 முதல் 400 வரை முட்டையிடும். முட்டை மிளகளவு, மங்கிய மஞ்சள். ஆண் பெண் இரண்டும் ஒரே உடலில் இருப்பதாலும், ஒருமுறை கூடிய பின் பலமுறை முட்டையிடுவதாலும், தப்பிய சில போதும். ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புக்கும் எங்கள் யாழ்ப்பாண மண்ணில் குறைவில்லை.

கிழக்காபிரிக்காவில் இருந்து மொரீசியஸ், 1847இல் கல்கத்தா, 1900இல் இலங்கை என்று இதைக் கொண்டுவந்தது மனிதர் கைதான். இன்றும் எரு லொறியும் வாழைக்குட்டியும் பூச்சாடியும்தான் வாகனம். வாங்கும் கன்றைப் பையோடு நடாதீர்கள். பையைக் கழற்றி வேரடி மண்ணைப் பாருங்கள். வெளியூர் எருவைச் சீமெந்து நிலத்தில் மெல்லியதாகப் பரப்பி, நன்றாகக் காய்ந்த பின் தோட்டத்துக்குக் கொண்டு போங்கள்.

பிடிப்பதற்கு, பொழுதுபட நனைத்த சாக்கை விரித்து அடியில் பப்பாசி இலையோ கோவா இலையோ வையுங்கள். விடிய வெயில் ஏறுமுன் தூக்கினால் கீழே ஒதுங்கியிருக்கும். கையுறையோடு பொறுக்கி, லீற்றருக்கு 200 கிராம் கல்லுப்புக் கரைத்த வாளியில் போட்டு மூடி, செத்த பின் ஆழமாகப் புதைக்க வேண்டும். காலால் மிதித்தால் வயிற்றிலுள்ள முட்டை மண்ணில் சிந்தும். பாத்தியில் உப்புத் தூவுவது அதைவிடக் கேடு: பயிரும் கருகும், நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் வழியே அந்த உப்பு கிணற்றுக்கும் இறங்கும். வாளித் தண்ணீரையும் கிணற்றடியில் ஊற்றக்கூடாது.

25 கிராம் புகையிலையை ஒன்றரை லீற்றர் தண்ணீரில் ஒரு லீற்றராக வற்றக் காய்ச்சி வடித்து, 60 கிராம் மயில்துத்தம் கரைத்த ஒரு லீற்றர் தண்ணீரோடு கலந்து தெளிக்கும் முறை கேரளத்தில் கைக்கொள்ளப்படுகிறது. சாக்கின் கீழ் சேர்ந்த நத்தைமேல் மட்டும் அடியுங்கள். கீரை, மரக்கறி இலையில் படவே கூடாது. மெற்றல்டிகைட் என்ற நத்தைக்கொல்லிக் குருணை நாயையும் கோழியையும் கொல்லும். வீட்டு வளவுக்கு அது வேண்டாம்.

எலியின் நுரையீரல் புழு இந்த நத்தையில் வளரும். பச்சை இலையோடு மனிதருக்குள் போனால் மூளையுறையில் அழற்சி உண்டாக்கும். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள் நாங்கள். ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள்; நத்தையின் சளிக்கோடு தெரிந்த கீரைக்கட்டை எறிந்துவிடுங்கள்.

ஒரு தோட்டம் மட்டும் பொறுக்கினால் அடுத்த வேலியால் திரும்ப வரும். ஆகவே கமக்கார அமைப்புகள் புரட்டாதியிலேயே ஊரைக் கூட்டி, ஒடுங்கிக் கிடப்பவற்றைக் கல்லுப் புரட்டி எடுக்க வேண்டும். முதல் மழைக்குப் பின் இரண்டு கிழமை நாள்தோறும் பொறுக்க வேண்டும்; அதற்குள் முதல் முட்டைகள் பொரிக்கத் தொடங்கிவிடும். நாற்றுமேடைகளையும் எரு லொறிகளையும் சோதிக்க விவசாயத் திணைக்களம் இந்த மாரிக்கு முன்பே ஒழுங்கு செய்யட்டும்.

தோட்டக்கார வாசகர்,
நீர்வேலி