இணைசேர்க்கும் முன் செவிப் பரிசோதனை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இராஜபாளையம் நாயின் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் பெருமையாகப் பேசப்படுகின்றன. அந்த அழகோடு சேர்ந்தே வரக்கூடிய பிறவிச் செவிட்டுத்தன்மையைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. தோலுக்கு நிறம் தரும் நிறமி உயிரணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவை. அவை அங்கு இல்லாதபோது, குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன. இரு காதும் கேளாத குட்டியை வளர்ப்பவர் விரைவில் அறிந்துகொள்வார். ஒரு காது மட்டும் கேளாத நாயோ கூப்பிட்டால் ஓடி வரும், காவலும் காக்கும். குறை வெளியே தெரியாமலேயே இணைசேர்க்கப்பட்டு, அடுத்த தலைமுறைக்கும் அதைக் கடத்தக்கூடும். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்குட்டியும் அப்படிப்பட்டதே.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள், 18 மாதம் நிறையாத பெண்நாயை இணைசேர்க்கக் கூடாது என்கின்றன. கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றையும் கேட்கின்றன. ஆனால் பொதுவான பரிசோதனையில் இக்குறை எளிதில் பிடிபடாது. தலையில் மெல்லிய ஊசி மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே ஒலி எழுப்பி, மூளையின் மறுமொழியைப் பதிவுசெய்யும் சோதனையே அதற்குச் சரியான வழி. ஆறு வாரக் குட்டிக்கும் இதைச் செய்யலாம். பிறவிக் குறையை அறிய ஒருமுறை செய்தால் போதும்.

இந்தச் செவிப் பரிசோதனைச் சான்று இல்லாத வெள்ளை நாய்களை இணைசேர்க்க அனுமதிக்கலாகாது. திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இராஜபாளையத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அங்கு இச்சோதனை குறைந்த கட்டணத்தில் கிடைக்க மாநில அரசு வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்