ஊக்கி போட்டால் விளைவு கூடுமா? கொழும்பு இரசாயன ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் இரசாயனவியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டியூசன் வகுப்பு நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நான் ஆசிரியர் இல்லை. தொழிற்சாலை ஆய்வுகூடங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அயலிலுள்ள உயர்தரப் பிள்ளைகள் இடைக்கிடை கொப்பியும் கையுமாக வருவார்கள். நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா செய்யும் ஏபர் முறையில் இரும்பு ஊக்கி (தான் செலவாகாமல் தாக்கத்தை வேகமாக்கும் பொருள்) எதற்கு என்று கேட்டால், "விளைவைக் கூட்ட", அதாவது கிடைக்கும் அளவைக் கூட்ட, என்பார்கள். அதே பிள்ளைகள் சமநிலைப் பாடத்தில் "ஊக்கி சமநிலைத் தானத்தை மாற்றாது" என்று ஓரெழுத்துப் பிசகாமல் எழுதியிருப்பார்கள். சமநிலைத் தானம் என்பது கடைசியில் எவ்வளவு கிடைக்கும் என்பதுதானே. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வரிகள், ஒரே கொப்பியில். ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது ஒரு பாடம், எவ்வளவு கிடைக்கும் என்பது வேறொரு பாடம். இரண்டும் சேர்ந்து வரும் கைத்தொழில் இரசாயனமோ கடைசியில் வருகிறது. அதற்குள் பரீட்சை நெருங்கிவிடும். பிறகென்ன, "450 பாகை, 200 வளிமண்டலம், இரும்பு" என்று மந்திரம் போல ஒப்புவிக்க வேண்டியதுதான்.

உண்மையில் வெப்பநிலை, அமுக்கம், ஊக்கி என்ற அந்த மூன்றும் பேரம் பேசி வந்தவை. அமோனியா உண்டாகும்போது வெப்பம் வெளிவிடப்படுகிறது. ஆகவே வெப்பநிலை குறையக் குறையச் சமநிலையில் அமோனியா அதிகம். ஆனால் குளிரில் தாக்கம் நகரவே நகராது, ஏனென்றால் நைதரசனின் முப்பிணைப்பு இலேசில் உடையாது. சூடாக்கினால் வேகம் வரும், கிடைக்கும் அளவு விழும். இந்த இழுபறியில்தான் ஊக்கி உள்ளே வருகிறது. சமநிலை எங்கே என்பதை அது தொடுவதில்லை, அங்கே போய்ச் சேரும் நேரத்தைத்தான் குறைக்கிறது. அதனால் ஊக்கி இல்லாமல் தேவைப்படும் கடும் வெப்பத்துக்குப் போகாமல், 400, 450 பாகையிலேயே வேலையை முடிக்கலாம். அந்தக் கடும் வெப்பத்தை விட இங்கே சமநிலையும் நமக்குச் சாதகம். அப்படிச் சுற்றிவளைத்துப் பார்த்தால் "விளைவைக் கூட்ட" என்ற பிள்ளையின் பதிலிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியை வகுப்பில் பேசாமல் வெறுமனே பிழை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு சுற்றில் மாறுவது ஏறத்தாழ 15 சதவீதம். அமோனியாவைக் குளிரவைத்துத் திரவமாக எடுத்துவிட்டு, மிஞ்சிய வாயுக்களைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். அதனால் கடைசியில் போட்ட மூலப்பொருள் ஏறக்குறைய முழுவதும் அமோனியாவாகிவிடுகிறது. ஒரு சுற்றின் கணக்கு வேறு, தொழிற்சாலையின் கணக்கு வேறு என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை. ஏபர் 1909இல் ஆய்வுகூடத்தில் காட்டியதை பொஷ் 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் தொழிற்சாலையாக்கினார். இடைப்பட்ட காலத்தில் இரசாயனவியலாளர் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான ஊக்கிகளைச் சோதித்துப் பார்த்தது. அந்தக் கதைக்கு ஐந்து நிமிடம் போதும்.

சல்பூரிக் அமிலத்தின் தொடுகை முறையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமோனியாவில் போலவே அங்கும் தாக்கத்தில் வாயு மூல்கள் குறைகின்றன, ஆகவே இரண்டுக்கும் உயர் அமுக்கம் நல்லது என்றுதான் இலச்சட்டலியர் விதி சொல்லும். ஆனால் கிட்டத்தட்ட வளிமண்டல அமுக்கத்திலேயே நடத்துகிறார்கள். வனேடியம் ஐந்தொட்சைட்டு ஊக்கியுடன் 450 பாகையளவில் கந்தகவீரொட்சைட்டு ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் கந்தகமூவொட்சைட்டாக மாறிவிடுகிறது. மிச்சத்துக்காக அமுக்கியும் தடித்த உருக்கும் வாங்குவது வீண்செலவு. விதி ஒன்று, முடிவு இரண்டு. ஏன் என்று பிள்ளைகளை வாதாட விடலாமே?

உதாரணத்துக்கு ஜேர்மனி வரை போகவும் தேவையில்லை. 1980களில் நமது சபுகஸ்கந்தையிலேயே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நாப்தாவைக் கொண்டு அமோனியாவும் அதிலிருந்து யூரியாப் பசளையும் செய்தார்கள். இரசாயனம் சரியாகத்தான் இருந்தது, செலவு கட்டுப்படியாகாமல் சில ஆண்டுகளில் மூடினார்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது மரக்கறி விலை என்னவானது என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அமோனியா அவர்களுக்கு அவ்வளவு தூரத்துப் பொருளல்ல.

செய்முறைக்கு உபகரணம் இல்லை என்பீர்கள். இரண்டு தசமத் தானம் காட்டும் தராசு ஒன்றும் முட்டைக் கோதும் போதும். உள்தோலை நீக்கிக் காயவைத்து, 2 கிராம் துண்டுகளாகவும் 2 கிராம் தூளாகவும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலீற்றர், குடுவையின் வாயில் பஞ்சு. தூளை அகன்ற குடுவையில் போடுங்கள், நுரைத்துப் பொங்கும். காபனீரொட்சைட்டு வெளியேறத் திணிவு குறையும், அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் குறித்து வரைபு கீறச் சொல்லுங்கள். தூளின் கோடு செங்குத்தாக விழும், துண்டின் கோடு சாவகாசமாக இறங்கும். பொறுமையாக இருந்தால் இரண்டும் ஏறத்தாழ 0.8 கிராம் இழப்பில் வந்து நிற்கும். அப்புறம் கோதை இரட்டிப்பாக்கி, அமிலத்தை மாற்றாமல் செய்யுங்கள். இழப்பு இரட்டிக்காது, அமிலம் முதலில் தீர்ந்துவிடும். மட்டுப்படுத்தும் தாக்கி எது என்பது அந்த வரைபிலேயே தெரியும்.

அடுத்த தவணைப் பரீட்சையில் இப்படியொரு வினா வையுங்கள். எதனோலும் அசற்றிக் அமிலமும் ஒவ்வொரு மூல் வீதம் இரண்டு மூடிய குடுவைகளில் உள்ளன. ஒன்றில் மட்டும் சில துளி செறிந்த சல்பூரிக் அமிலம். ஒரு நாள் கழித்து, அவை சேர்ந்து உண்டாகும் எசுத்தர் எதில் அதிகம்? இரண்டும் சமநிலையை அடைந்த பிறகு? காரணத்துக்கு மட்டும் புள்ளி கொடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற இரசாயனவியலாளர்