நெல்லைச் சீமை நர்சிங் கல்லூரி ஆசிரியைகளுக்கு: கட்டில் பக்கம் கொஞ்சம் வாருங்கள்

மதிப்பிற்குரிய மேடம்களுக்கு,

பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி ஐசியூவில் 14 வருஷமாக டியூட்டி பார்க்கிறேன். உங்கள் பிள்ளைகள் போஸ்டிங்குக்கு எங்களிடம்தான் வருகிறார்கள். ஷாக் (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போவது) எத்தனை நிலை என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள்.

போன ஐப்பசி மழையில் டெங்குவோடு ஒரு பையன் கிடந்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. "விட்டுட்டுல்லா சிஸ்டர், நாளைக்கு வீட்டுக்குப் போலாமா?" என்று அவன் அம்மா கேட்கிறாள். உங்கள் மாணவி சார்ட்டில் 100/84 என்று குறித்துவிட்டு, "பிபி நார்மல் சிஸ்டர்" என்றாள். அவள் கையைப் பிடித்துப் பையனின் பாதத்தில் வைத்தேன். ஜில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நாலு செகண்ட்.

"மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழி."

"16."

"காலையில் 110/70 இருந்ததே, அது?"

"40..." சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது.

ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிகிறது. உடம்பு குழாய்களை இறுக்கிச் சமாளிக்கிறது. அதனால் கீழ் எண் ஏறுகிறது, மேல் எண் தாக்குப்பிடிக்கிறது. மேல் எண் விழட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். டெங்குவில் இடைவெளி 20-ஐத் தொட்டாலே ஷாக் கணக்குதான். டாக்டரைக் கூப்பிட்டோம், ஃப்ளூயிட் ஏறியது, பையன் தேறினான். இத்தனையும் அவள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம், மேடம்.

அரளி விதை கேஸும் நம்ம ஊருக்குப் புதிதில்லை. செல்லிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற சோடியம்-பொட்டாசியம் பம்பை முதல் வருஷத்தில் அழகாகப் படம் போடுகிறார்கள். அரளி விஷம் முடக்குவது அதே பம்பைத்தான், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது அதனால்தான் என்று ஐசியூவில் சொன்னால் கண்ணை விரிக்கிறார்கள்.

2021-இல் வந்த பாடத்திட்டத்தில் பேத்தாலஜியும் (நோய் உடம்பில் செய்யும் மாற்றங்கள்) அடல்ட் ஹெல்த்தும் (பெரியவர்களுக்கான நர்சிங்) ஒரே செமஸ்டரில்தான் ஓடுகின்றன. இரண்டும் சந்திக்கிற இடம் கேஸ் ஸ்டடி நோட்டு. அதுவோ போன பேட்ச் அக்காவைப் பார்த்து எழுதியது. (ஒருத்தி நோயாளியின் வயசைக்கூட மாற்றவில்லை.)

வாரம் ஒரு மணி நேரம் போதும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாமல் ஒரு கட்டில் பக்கத்தில் நில்லுங்கள். அன்றைய சார்ட்டைக் கொடுத்து, "இந்த எண் ஏன் மாறியது, அடுத்து எது மாறும்?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் திட்டாதீர்கள்; எங்களிலும் சிலர் முழிப்போம். ரவுண்ட்ஸ் முடிந்து பதினொரு மணிக்கு வார்டு கொஞ்சம் அடங்கும். அப்போது வாருங்கள், சார்ட்டை எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ்