போலீசுக்கு எதற்குப் போர்க்கருவி?

ஆசிரியருக்கு வணக்கம்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்து ஃபெர்குசனில் ஆயுதமில்லாத கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நியாயம் கேட்டுத் தெருவில் நின்றவர்களைக் கவச வண்டி மேலிருந்து துப்பாக்கி குறிபார்த்தது. டிவியில் பார்த்த எனக்கே கை நடுங்கியது.

ராணுவத்தில் மிஞ்சிய தளவாடங்களை அங்கே 1033 திட்டத்தில் போலீஸ் வாங்கலாம். கொண்டுவரும் செலவு மட்டும்தான். வாங்கியதை ஓராண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விதிதான் எனக்கு ஆறவில்லை. எடுத்து நீட்டு என்று தூண்டுவது அல்லவா அது?

சரி, முதலுதவிப் பெட்டி, போர்வை கொடுக்கட்டும். எறிகுண்டு ஏவியும் துப்பாக்கி முனையில் செருகும் கத்தியும் எதற்குக் கொடுத்தார்கள்? 2015இல் ஒபாமா ஆணை போட்டு அவற்றைத் தடுத்தார். 2017இல் டிரம்ப் அந்தத் தடையை நீக்கினார். துப்பாக்கிக் கத்தியை 2021இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தாலேயே தடுத்தது. மற்றவற்றுக்கும் அதிபர் ஆணை போதாது, காங்கிரஸ் சட்டமே இயற்ற வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி